காந்தம் ஒட்டும் பாட்டில்

என் மேசையின் மேல் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கிறது. எவர்சில்வர் என்று சொல்லிக்கொள்ளும் சரக்கு. பளபளப்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை. உலகத்தின் ஆகப் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் ஒன்றின் சின்னம் அதன் நெற்றியில் அச்சாகியிருக்கிறது. சின்னத்துக்குக் கீழே, பாட்டிலின் வயிற்றில், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்டையார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் வரிக்கணக்கு ஆபீசுக்கு வருகிறவர்கள் யாராவது அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "நல்லா இருக்கே மேடம், எங்க வாங்கினீங்க?" என்று கேட்பார்கள். வாங்கவில்லை, எங்கள் வீட்டு மனிதர் ஒருவருக்குக் கூலியாக வந்தது என்று சொல்வேன். அதில் நான் ஒருநாளும் தண்ணீர் குடித்ததில்லை.

கொஞ்ச காலமாக எங்கே திரும்பினாலும் ஒரே கேள்வி. அந்த நிறுவனத்தின் கூர் மழுங்கிவிட்டதா? தொலைக்காட்சியில் கோட்டுப் போட்ட நாலு பேர் உட்கார்ந்து இதையே மென்றுகொண்டிருக்கிறார்கள். புதிதாக வந்த இயந்திர மூளையில் அது பின்தங்கிவிட்டது என்கிறார் ஒருவர். பங்கு விலை ஏறிக்கொண்டுதானே இருக்கிறது, அப்புறம் என்ன மழுங்கல் என்கிறார் இன்னொருவர். என் பக்கத்து மேசைத் தம்பி சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் போனில் பார்த்துவிட்டு என்னிடம் அபிப்பிராயம் கேட்பான். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த மனிதர் ஒருவர் எனக்குத் தெரியும். எந்தத் தொலைக்காட்சியும் அவரைக் கூப்பிடாது. அவர் என் அக்காவின் புருஷன், என் அத்தான்.

அத்தானுக்கும் அவருடைய அண்ணனுக்கும் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடை இருந்தது. எவர்சில்வர் தகடும் குழாயும் விற்கிற கடை. அண்ணன்தான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து முதலில் வந்து கடை போட்டவர். எங்கள் வீட்டில் அவரைப் பெரிய அத்தான் என்போம். இவர் பள்ளிக்கூடம் முடித்த கையோடு அண்ணனிடம் வந்து சேர்ந்தவர். நான் படித்து முடித்துவிட்டு அந்தக் கடையில்தான் பல வருஷம் பில் போட்டேன். வெளியே லாரிகள் பின்னோக்கி வரும் சத்தம், தகடு இறக்கும் சத்தம், வெட்டும் மெஷின் சத்தம். இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துதான் பேசுவோம், அதனால் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் குரல் பெரிது. அத்தான் மட்டும் மெதுவாகப் பேசுவார். எதிரில் இருப்பவர் குனிந்து கேட்டாக வேண்டும்.

அந்த வரிசையில் எல்லாக் கடை மேசையிலும் ஒரு காந்தம் கிடக்கும். யார் எந்த எவர்சில்வர் சாமானைக் கொண்டுவந்தாலும் முதலில் கை போவது காந்தத்துக்குத்தான். காந்தத்தை வைத்து எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட முடியாது. ஆனால் கப்பென்று ஒட்டிக்கொண்டால் அது மட்டச் சரக்கு, அதற்குமேல் பேச்சில்லை. அத்தானுக்கு இந்தப் பழக்கம் முற்றிப் போயிருந்தது. கல்யாண வீடுகளில் வரிசைத் தட்டு வந்து இறங்கினால் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்துவிடுவார். தன் சொந்தக் கல்யாணத்தில், எங்கள் அப்பா வாங்கி வைத்திருந்த சீர்ப் பாத்திரங்களை மறுவீட்டன்று ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒரு குடம் மட்டும் சரியில்லை என்று மாமனாரிடமே சொன்னவர். அக்கா அந்தக் குடத்தை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். யார் மனசாவது புண்படுமே என்று காந்தத்தைப் பையிலேயே வைத்திருக்கத் தெரியாத மனிதர். ஒரே ஒரு தடவை தவிர. அந்தத் தடவையைத்தான் சொல்ல வந்தேன்.

அத்தானுக்கு அந்த நிறுவனத்தின் மேல் ஒரு பக்தி இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, பக்திக்குக் காரணமும் இருந்தது. முன்பெல்லாம் அது கேட்டதைத் தேடிக் கொடுத்தது. வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு கட்டம், கேட்டால் பதில். நெல்லூரிலிருந்தும் தடாவிலிருந்தும் புதிதாக வருகிற லாரிகள் ஒரு காலத்தில் மணலி ரோட்டில் நின்று வழி தெரியாமல் கடைக்கு போன் மேல் போன் போடும். அந்த நிறுவனத்தின் மேப் போனில் வந்த பிறகு நேராகக் கடை வாசலுக்கே வந்து நின்றன. அத்தான் அசந்து போனார். "அதுக்குப் பொய் சொல்லணும்னு என்ன அவசியம் சொல்லு பாப்பா? வியாபாரி பொய் சொல்வான், புரோக்கர் பொய் சொல்வான். அது எதையும் விக்கல, அது ஏன் பொய் சொல்லப் போகுது?" என்பார். எதையும் விற்காமலா அவ்வளவு பெரிய கட்டடங்கள் கட்டினார்கள் என்று நான் கேட்டதற்கு, எனக்கு எல்லாவற்றிலும் குதர்க்கம் என்றார்.

பிறகு அவரே அந்த மேப்புக்கு வேலை செய்ய ஆரம்பித்தார். சம்பளமில்லாத வேலை. யார் வேண்டுமானாலும் இடங்களைச் சேர்க்கலாம், திருத்தலாம், போட்டோ போடலாம் என்று வைத்திருந்தார்கள் அல்லவா, அதில் விழுந்தார். மார்க்கெட்டின் ஒவ்வொரு வரிசையையும், ஒவ்வொரு எடை மேடையையும், டீக்கடையையும், கழிப்பறையையும் சேர்த்தார். எந்த கேட்டில் கன்டெய்னர் லாரி திரும்ப முடியாது, எந்தத் தெருவில் மழைக்குப் பிறகு முழங்கால் தண்ணீர் நிற்கும், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு லாரி வரிசை கட்டி நிற்கும்போது எந்தப் பக்கம் புகுந்து போகலாம், எல்லாம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவை ஸ்கூட்டரில் உட்கார வைத்துக்கொண்டு திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை போவார். அக்கா கடற்கரைக்கு என்று நினைத்துப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்புவாள். இவர் வழியில் புதிதாகத் திறந்த மருந்துக்கடைப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்பார். மாதம் ஒரு தடவை அந்த நிறுவனம் அவருக்கு ஒரு பாராட்டு அனுப்பும். உங்கள் படங்களை இத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள், நீங்கள் இன்னும் ஒரு லெவல் ஏறினீர்கள். பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கியது போல எங்களிடம் கொண்டுவந்து காட்டுவார்.

கடைசி லெவலுக்கு ஏறியபோதுதான் இந்த பாட்டில் வந்தது. கூரியர்காரன் பெட்டியை மேசையில் வைத்தான். உள்ளே வழவழ அட்டையில் உங்களைப் போன்றவர்களால்தான் உலகம் வழி கண்டுபிடிக்கிறது என்று ஒரு வாசகம். இரும்பு மார்க்கெட்டில் தகடு விற்கிறவனுக்கு எவர்சில்வர் பாட்டில் அனுப்பியிருக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு. எங்கள் சரக்கை ஏற்றுகிற குட்டியானை வண்டி டிரைவர் அப்போது அங்கே இருந்தான். வியாசர்பாடிக்காரன், வாய் ஓயாதவன். பாட்டிலைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "காந்தத்த வெச்சிப் பாரு மொதலாளி" என்று சொல்லி மேசையிலிருந்த காந்தத்தை எடுத்தான். அத்தான் பாட்டிலைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மரியாதைக்கு அனுப்புனதை அப்படியெல்லாம் பாக்கக் கூடாதுப்பா" என்றார். மாமனார் வீட்டுக் குடத்துக்கு இல்லாத மரியாதை. பாட்டிலைத் துடைத்து, காந்தத்துக்கு எட்டாத தூரத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஒட்டாது என்று நிச்சயமாகத் தெரிந்த சாமானைச் சோதிக்க அவர் ஒருநாளும் தயங்கியதில்லை.

அதற்குப் பிறகு அந்த நிறுவனம் என்னவெல்லாம் ஆனது என்பது உங்களுக்கும் தெரியும். தகடு என்று தேடினால் முதலில் காசு கொடுத்தவன் கடை, இரண்டாவதும் காசு கொடுத்தவன் கடை, கீழே தள்ளிக்கொண்டே போனால் எங்கோ நிஜமான கடை. எங்கள் கடையின் பெயரைப் போட்டுத் தேடினாலே அதற்கு மேல் ஒரு ஆன்லைன் புரோக்கரின் விளம்பரம் வந்து நின்றது. அவனிடம் ஒரு தகடு கிடையாது. அப்புறம் அதற்கு மூளை வேறு முளைத்துவிட்டதாம். தேடிக் கொடுக்கிற வேலையை விட்டுவிட்டு, தானே பதில் சொல்ல ஆரம்பித்தது. எவனோ விளையாட்டுக்குக் கொடுங்கையூர் குப்பை மேட்டுக்கு நட்சத்திரங்களை அள்ளிக் கொடுத்திருக்கிறான். அதை நம்பி, பறவைகளைப் பார்த்து ரசிக்க ஏற்ற விசாலமான திறந்தவெளி என்று எழுதியது. அந்தப் பக்கம் புகை மூட்டமான நாட்களில் ஸ்கூட்டரில் போக வேண்டாம் என்று அத்தான் எழுதியிருந்த எச்சரிக்கை எங்கே போனது என்றே தெரியவில்லை. நான் அதை அவரிடம் காட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "காக்காவும் பருந்தும் நெறைய இருக்குல்ல, அதைச் சொல்லுது" என்றார். குடிகார மகனுக்கு ஊரெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டு திரியும் தகப்பன்மார்களை நான் திருவொற்றியூரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதே முகம்.

பெரிய அத்தான் திடீரென்று போனார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் பெங்களூரில் வேலையில் இருக்கிறவர்கள், கடையில் அவர்களுக்கு நாட்டமில்லை. காரியம் முடிந்ததும் சித்தப்பாவை உட்கார வைத்து மரியாதையாகவே பேசினார்கள். ஆயுதபூஜை வரைக்கும் பாருங்கள், வியாபாரம் நிலைத்து நின்றால் நடத்துங்கள், இல்லையென்றால் இடத்தைக் கொடுத்துவிட்டுப் பங்கைப் பிரித்துக்கொள்ளலாம். நியாயமான பேச்சுதான். வியாபாரம் ஏற்கெனவே பாதியாகத்தான் இருந்தது. பழைய வாடிக்கைக்காரர்கள் பெரிய அத்தானின் முகத்துக்கு வந்தவர்கள். இனி புதிதாக வெளியூர்க்காரர்கள் வந்தால்தான் கடை நிற்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்கள் எதைப் பார்த்து வருவார்கள் என்பதும் தெரியும். அத்தான் அதில் கவலையே படவில்லை. அந்த மேப்பில் அவரைவிடச் செல்வாக்கான ஆள் வடசென்னையில் யார் இருக்கிறார்?

எங்கள் பக்கத்தில் சாவு என்றால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டாமல் இருக்க முடியாது. கடைக்காரர் செத்தால் கடையின் ஷட்டரிலேயே ஒட்டுவோம். போஸ்டரில் இறந்தவர் பெயரைவிடக் கடையின் பெயர் பெரிதாக இருக்கும், அது ஒரு வழக்கம். நடுவில் படம், கீழே இழந்து வாடுகிறவர்களின் பெயர்கள். அதில் முதல் பெயர் தம்பி என்ற முறையில் அத்தானுடையது. அன்றைக்குக் கடை விடுமுறை, வெளியூர் லாரி வந்து ஏமாந்துவிடக் கூடாதே என்று அத்தான் அந்தத் துக்கத்திலும் கடமை தவறாமல் ஒரு காரியம் செய்தார். மூடிய ஷட்டரையும் போஸ்டரையும் சேர்த்துப் போட்டோ எடுத்து மேப்பில் ஏற்றினார். கண்ணீரைத் துடைத்துவிட்டு இரண்டாவது தடவை எடுத்ததை நான் பார்த்தேன். மனிதன் யாராக இருந்தாலும் அந்தப் படத்தைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். அந்த மாபெரும் மூளைக்குப் புரிந்தது இவ்வளவுதான். கடை நிரந்தரமாக மூடப்பட்டது. உரிமையாளர் காலமானார். காலமானவர் என்று அது போட்டது அத்தானின் பெயர். அழுதவரைப் பிடித்துச் செத்தவராக்கிவிட்டது.

அது எங்களுக்குத் தெரியவே சில வாரம் ஆயிற்று. போன் வருவது குறைந்திருந்தது, துக்க வீடு என்று விட்டிருக்கிறார்கள் என நினைத்துக்கொண்டோம். ஒருநாள் காலை அந்தக் குட்டியானை டிரைவர் தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். "இன்னா மொதலாளி இது, பேஜாரா கீது! நீ செத்துப் பூட்டன்னு போட்டுக்கீறான். நீ இன்னாடான்னா குந்திகினு டீ குட்ச்சிகினு கீற!" என்றான். முதலில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அத்தானும்தான். போனை வாங்கி அவர் படித்தார். பெயர் சரியாக இருந்தது, கடை சரியாக இருந்தது, சிவப்பு எழுத்தில் நிரந்தரமாக மூடப்பட்டது என்றிருந்தது. ஆதாரம் என்று காட்டியிருந்த படம் அவர் எடுத்தது. "தப்பாப் புரிஞ்சுக்கிச்சு. நான் சொன்னா மாத்திடும்" என்றார் டிரைவரிடம். அப்படிச் சொன்ன குரலில் ஒரு பெருமை இருந்தது, அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சொன்னார், மாற்றவில்லை. கடை திறந்திருக்கிறது என்று அவர் கொடுத்த திருத்தம் ஏற்கப்படவில்லை என்று பதில் வந்தது. காரணம் என்ன தெரியுமா? நம்பகமான ஒருவர் கொடுத்த படம் அதற்கு எதிராக இருக்கிறதாம். அந்த நம்பகமான ஒருவர் இவரேதான். இத்தனை வருஷம் ஏறிய லெவலெல்லாம் சேர்ந்து அவருடைய ஒரு போட்டோவுக்கு அவ்வளவு பலத்தைக் கொடுத்திருந்தது, அவருடைய வாய்ப்பேச்சுக்கு ஒன்றுமில்லை. படத்தை நீக்கிவிட்டார், எழுதியது அப்படியே நின்றது. உரிமையாளர் என்பதை நிரூபிக்க வீடியோ அனுப்பச் சொன்னார்கள். தெருவைக் காட்டு, பலகையைக் காட்டு, ஷட்டரைத் திறந்து காட்டு. அறுபதை நெருங்கும் மனிதர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தன் கடை ஷட்டரைத் தானே தூக்கினார். தகட்டை வெட்டிக் காட்டினார். கடைசியில் போனைத் தன் முகத்துக்குத் திருப்பி, "நான் உயிரோடதான் இருக்கேன்" என்றார். சரிபார்க்க முடியவில்லை, மீண்டும் முயற்சிக்கவும் என்று வந்தது. மறுபடி எடுத்தார். எதிர் வரிசைக் கடைக்காரர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பேசுவதற்கு ஒரு மனிதன், திட்டுவதற்கு ஒரு போன் நம்பர், போய் நிற்பதற்கு ஒரு வாசல், எதுவும் அந்த நிறுவனத்தில் கிடையாது. எங்கள் மார்க்கெட்டில் மட்டச் சரக்கு விற்றவன்கூட மறுநாள் கடையில் உட்கார்ந்திருப்பான், போய்ச் சட்டையைப் பிடிக்கலாம்.

நெல்லூரில் ஓட்டல் சமையலறைகளுக்கு எவர்சில்வர் மேடையும் தொட்டியும் செய்து கொடுக்கிற ஒருவர் இருந்தார். பெரிய அத்தான் காலத்தில் இரண்டு தரம் வாங்கியிருக்கிறார், கல்லூரி விடுதி ஒன்றின் சமையலறை வேலை முழுவதும் கிடைக்கப் போகிறது, தகடு முழுக்க உங்களிடம்தான் என்று சொல்லியிருந்தார். அத்தான் அந்த ஒரு ஆர்டரை நம்பித்தான் இருந்தார். அது வந்தால் ஆயுதபூஜை தாண்டிவிடும், பிள்ளைகளிடம் தலை நிமிர்ந்து பேசலாம். ஒரு மத்தியானம் அந்த நெல்லூர்க்காரர் கடை வாசலில் வந்து இறங்கினார். கையில் வாழை இலையில் சுற்றிய பெரிய ரோஜா மாலை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தவர், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அத்தானைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "அண்ணா..." என்றார். மாலை வாங்கி வந்தது அத்தானுக்கு.

அத்தான்தான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நெல்லூர்க்காரர் கண்கலங்கிவிட்டார். "போன்ல பார்த்தேன் அண்ணா. அண்ணனும் தம்பியும் போயிட்டாங்க, கடையும் மூடிட்டாங்கன்னு நெனச்சிட்டேன். இந்தப் பக்கம் வந்தா ஒரு மாலையாவது போட்டுட்டுப் போவோம்னு..." என்றார். தகடு எங்கே வாங்கினீர்கள் என்று அத்தான் கேட்கவில்லை. அவரே சொன்னார். எங்கள் கடையின் பெயருக்கு மேலே விளம்பரம் போட்டிருந்தானே அந்தப் புரோக்கர், அவனிடம். சரக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு அத்தான் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரிலிருந்த தன் அண்ணன் படத்துக்கு அதைப் போட்டார். "அவருக்குன்னு வச்சுக்குங்க" என்றார். இறங்கும்போது சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த பாட்டிலில் அவர் கை பட்டு அது கீழே விழுந்து உருண்டது. எடுத்துத் துடைத்து மறுபடி அங்கேயே வைத்தார். எனக்கு அதைத் தூக்கி வெளியே கால்வாயில் எறியலாம் போல இருந்தது.

எங்கள் கடையில் தகடு வெட்டும் மெஷின் ஒன்று இருந்தது. அதன் பிளேடு மழுங்கினால் மெஷினுக்குத் தெரியாது. முன்பு போலவே டங்கென்று இறங்கும், தகடும் இரண்டாகும், தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வெட்டிய ஓரத்தில் மட்டும் பிசிறு நிற்கும். அதைத் தூக்குகிறவன் கையைத்தான் அது கிழிக்கும். கோட்டுப் போட்ட நாலு பேரும் மெஷின் போடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, பலமாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். பலம் இருக்கிறது, யார் இல்லையென்றது? ஊர் ஊராக என் அத்தானைப் போன்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியைத் தெருவில் நிற்க வைத்துச் சேர்த்துக் கொடுத்த பலம். அதை வைத்துக்கொண்டு அந்த நிறுவனம் விளம்பரம் விற்றது. திறமை போய்விட்டது என்றுகூட நான் சொல்ல மாட்டேன். அக்கறை போய்விட்டது. ஒரு போஸ்டரில் யார் செத்தது, யார் அழுகிறது என்று பார்க்கக்கூடப் பொறுமையில்லாத ஒன்றுக்கு மூளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த நிறுவனம்தான் கடையை மூடியது என்று ஒரேயடியாகச் சொன்னால் அது அவர்கள் எழுதுவதைப் போன்ற பொய்யாகிவிடும். பெரிய அத்தானின் சாவு இருந்தது, விலை இறக்கம் இருந்தது, பிள்ளைகளின் பங்கு இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில், கடை மூடப்பட்டது என்று உலகத்துக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அதை உண்மையாக்கினார்கள். ஆயுதபூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் வைத்துப் பொரி கொடுத்தோம். அந்த வாரமே பிள்ளைகள் வந்து பேசினார்கள். அத்தான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஷட்டரைக் கடைசியாக இறக்கிய அன்று போட்டோ எடுக்கவில்லை. காந்தத்தையும் அண்ணன் படத்தையும் பாட்டிலையும் ஒரு சாக்குப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் தண்டையார்பேட்டைக்கு வேலைக்குப் போனேன். அவர் அதே மார்க்கெட்டில் இரண்டு வரிசை தள்ளி, இன்னொருவர் கடையில் சரக்கு பார்த்து வாங்கும் வேலைக்குச் சேர்ந்தார்.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் திருவொற்றியூரில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தோம், அத்தானின் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா அடுப்படியிலிருந்து, "என்னங்க, யாரு?" என்று கேட்டாள். "கடை தொறந்திருக்காம்" என்றார் அவர். நான் போனை வாங்கிப் பார்த்தேன். மகிழ்ச்சியான செய்தி, உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது, உங்களால் இந்த இடம் இப்போது சரியாகக் காட்டப்படுகிறது என்று பூத்தூவி எழுதியிருந்தது. அவர் உயிரோடு கடை நடத்தியபோது மூடிவிட்டது என்று அடித்துச் சொன்னது, மூடிச் சாவியைக் கொடுத்த பிறகு திறந்திருக்கிறது என்று வாழ்த்துச் சொன்னது. கீழே அவருக்கு ஒரு கேள்வி வேறு. இந்த இடம் இப்போதும் இயங்குகிறதா? ஆம், இல்லை, தெரியவில்லை.

அக்கா ஈரக்கையோடு வந்து நின்றாள். அத்தான் எழுந்து போய் ஷோகேஸிலிருந்து பாட்டிலை எடுத்தார். ஜன்னல் கம்பியில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கினார். முழுதாகக் கிட்டே கொண்டுபோகக்கூட இல்லை, அது தானாகவே தாவி டக்கென்று ஒட்டிக்கொண்டது. மாமனார் வீட்டுக் குடத்தைப் பற்றி அக்கா அன்றைக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. "வந்த அன்னைக்கே தெரியும் பாப்பா. தூக்குனாலே தெரியாதா எனக்கு?" என்றார் அத்தான், எப்போதும் போல மெதுவாக. "வச்சுப் பாக்க மனசு வரல." பிறகு போனை எடுத்து, சாத்தாங்காட்டின் எல்லா வரிசையையும் எல்லாக் கழிப்பறையையும் அறிந்த அந்த மனிதர், 'தெரியவில்லை' என்பதை அழுத்தினார். பாட்டிலைக் காந்தத்தோடு என் கையில் கொடுத்து, எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

இன்றைக்கும் மேப்பில் அந்தக் கடை திறந்துதான் இருக்கிறது. எப்போதாவது ஆந்திராவிலிருந்து ஒரு லாரி வந்து அந்த மூடிய ஷட்டருக்கு முன்னால் நின்று ஹாரன் அடிக்கும். சத்தம் கேட்டு அத்தான் இரண்டு வரிசை தள்ளியிருந்து நடந்து வந்து, கையை நீட்டி வழி சொல்லி அனுப்பிவிட்டுப் போவார். அதை எதிலும் பதிவதில்லை. நேற்றும் பக்கத்து மேசைத் தம்பி அந்தக் கேள்வியைக் கேட்டான், அந்த நிறுவனம் நிஜமாகவே மழுங்கிவிட்டதா அக்கா என்று. நான் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தி, காந்தத்தை எடு பார்க்கலாம் என்றேன். ஒரு கையால் இழுத்துப் பார்த்தான், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.